‘அங்கே என்ன இருக்கிறது?’

பயணம் மனித இனத்தோடு உடன்பிறந்தது. வாணிகம் கருதியும், கல்வி கருதியும், புனிதக் கடமை கருதியும் நம் முன்னோர் நெடுவழி நடந்தனர், கடல் கடந்தனர். இன்றோ பயணம் ‘சுற்றுலா’ என்னும் பெயரில் ஓய்வுக்குரிய பொருளாகிவிட்டது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், எங்கே செல்வது என்பதில் மட்டும் நம்மிடையே எழுதாச் சட்டம் ஒன்று நிலவி வருகிறது. மலையென்றால் உதகை, கொடைக்கானல், அருவியென்றால் குற்றாலம், கடலென்றால் கன்னியாகுமரி. இப்பட்டியலில் இல்லாத ஊரின் பெயரைச் சொன்னால், கேட்பவர் முதலில் வியக்கிறார், பின் ஐயுறுகிறார், இறுதியில் நம்மீது இரக்கமும் கொள்கிறார்.

எம் தமிழ்த்துறை மாணவர்களின் ஒருநாள் கல்விச் சுற்றுலாவிற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தபோது இதனை நேரில் உணர்ந்தோம். அப்போது எழுந்த வினாக்கள் எம் மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல. அறியப்படாத ஊரை நோக்கிப் புறப்படும் எவரும் எதிர்கொள்ள வேண்டியவை. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது பயனுடையதாகும்.

வினாக்கள் ஐந்து

முதல் வினா மாணவரிடமிருந்தே வந்தது: “புதுக்கோட்டையா? அங்கே என்ன இருக்கிறது, ஐயா?” இரண்டாவது, அலுவலக நண்பர் கேட்டது: “உறவினர் யாரேனும் அங்கே இருக்கிறார்களா?” உறவோ அலுவலோ இன்றி ஓர் ஊருக்குப் போவார் உண்டோ என்பது அவர் எண்ணம். மூன்றாவது, பக்கத்துத் துறையினர் தாழ்ந்த குரலில் கேட்டது: “உதகைக்குப் பணம் பற்றவில்லையோ?” நான்காவது, மாணவி ஒருத்தியின் தாயார் கேட்டது: “பேர் கேட்டிராத ஊருக்கு வயதுப் பெண்ணை எப்படி அனுப்புவது?” ஐந்தாவது, கல்லூரியின் மீது பெரும்பற்றுக் கொண்ட சமுதாயப் பெரியவர் ஒருவர் கேட்டது: “தம்பி, சமணர் குகையில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?”

முதல் மூன்று வினாக்களும் சிரித்துக் கடக்கத் தக்கவை. பின்னிரண்டும் அத்தகையன அல்ல. அவற்றில் அன்பும் பொறுப்பும் கலந்திருந்தன. அவற்றிற்கு விடை கூறாமல் பேருந்தை எடுப்பது முறையாகாது.

அறியாமைக்குக் காரணம்

புதுக்கோட்டை ஏன் அறியப்படவில்லை? வடகிழக்கே தஞ்சைப் பெரிய கோயில், வடக்கே திருச்சி மலைக்கோட்டையும் திருவரங்கமும், தென்மேற்கே மதுரை, தெற்கே செட்டிநாட்டு மாளிகைகள். பெருமரங்களின் நிழலில் நிற்கும் செடி வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பகுதி இது. தனி மாவட்டமாக உருப்பெற்றதே 1974-இல்தான்.

ஆயினும், அறிஞருலகம் இம்மண்ணை மறந்ததில்லை. 1910-இலேயே இங்கு அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது; திருக்கோகர்ணத்தில் அதனை இன்றும் காணலாம். தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து, அரச மரபு வாரியாக 1929-இல் நூலாக அச்சிட்டது அச்சிறு சமஸ்தானம். குன்றின் மேல் இருந்தும் குடத்துள் இட்ட விளக்காய் இம்மாவட்டம் இருப்பதற்குக் காரணம் ஒளியின்மையன்று. எடுத்துச் சொல்வார் இன்மையே.

இரு வினாக்களுக்கு விடை

மாணவியின் தாயாருக்கு வாதத்தால் விடை கூற இயலாது. எந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்போம், உடன்வரும் பேராசிரியைகள் யாவர், இஷாத் தொழுகைக்குள் திரும்புவது எவ்வாறு என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டிற்கு அனுப்பினோம். அன்று மாலையே அவள் அத்தா ஒப்புதல் தந்தார். அச்சம் என்பது பெரும்பாலும் செய்தியின்மையே என்பதை உணர்ந்தோம்.

பெரியவருக்கு இவ்வாறு கூறினோம்: “ஹாஜியார், பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் நிலை என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. நாங்கள் வழிபடச் செல்லவில்லை, படிக்கச் செல்கிறோம். நம் தாய்மொழியின் பழைய எழுத்து அந்தக் குகையில் இருக்கிறது. அதைப் பாடநூலில் கரும்பலகைப் படமாக மட்டும் பார்த்த பிள்ளைகள் கல்லிலே பார்க்கட்டும்.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், “போய் வாருங்கள்; வந்து எனக்குச் சொல்லுங்கள்” என்றார்.

கண்டவை

சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். முதலில் நின்றது கொடும்பாளூர். திருச்சி – மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியது இவ்வூர். எம் ஓட்டுநர் பல்லாண்டுகளாக அச்சாலையில் வண்டி ஓட்டியவர். “பலகையைப் பார்த்ததுண்டு சார், உள்ளே திரும்பியதில்லை” என்றார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியில், பாதை மூன்றாகப் பிரியும் இடமாகச் சொல்லப்படும் கொடும்பை இதுவே. வழிப்போக்கர்க்கு வழி சொன்ன ஊரை இன்றைய வழிப்போக்கர் திரும்பியும் பார்ப்பதில்லை! இருக்குவேளிர் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

அடுத்தது சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவு. இங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மலரும் மொட்டும் இலையும், மீனும் பறவையும், யானையும் எருமையும், மலர் கொய்யும் மாந்தரும் அதில் உள்ளனர். முகப்புத் தூண்களில் ஆடல் மகளிர் ஓவியங்கள். இவை பல்லவன் மகேந்திரன் காலத்தவை என ஒரு காலத்தில் கருதப்பட்டன. பின்னர், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு தெளிவு தந்தது.

குன்றின் மேல், ‘ஏழடிப்பாட்டம்’ எனப்படும் இயற்கைக் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. பாறையில் கால்வைக்க வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்தது இப்பெயர் என்பர். படுக்கை ஒன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது அது என்பது அறிஞர் கருத்து. துறவி ஒருவருக்காக அவ்விருக்கையைச் செய்தளித்த செய்தியைச் சொல்வது. அதன்முன் நின்றபோது, எந்த மாணவியை அனுப்ப அவள் தாயார் தயங்கினாரோ அவளே, கூட்டல் குறிபோல் இருந்த எழுத்தைச் சுட்டி, “ஐயா, இது ‘க’ அல்லவா?” என்று கேட்டாள். ‘ஆம்’ என்றதும் எஞ்சிய மாணவர்கள் தத்தம் எழுத்துகளைத் தேடத் தொடங்கினர். ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்ட மாணவரும் அவர்களுள் ஒருவர்.

குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டைத் தொலைவிலிருந்தே கண்டோம். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஸ்வரங்களையே வரிசை வரிசையாகப் பாறையில் பொறித்து வைத்துள்ளனர். அரசன் ஒருவன் இசை பயில்வோர்க்காகச் செய்தது இது. நூல் அழியும், கல் அழியாது என்று கருதி ஒரு பாடத்தையே பாறையில் எழுதியவன் நல்லாசிரியன் அல்லனோ?

நண்பகலுக்குப் பின் திருமயம். சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய கோட்டை இங்குள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுவே. ஒரே பாறையில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் உள்ளன. இவ்விரு கோயிலாரிடையே நெடுநாள் வழக்கு ஒன்று இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் போசளப் படைத்தலைவன் அப்பண்ணன் நடுநின்று அதனைத் தீர்த்து, உடன்பாட்டைக் கல்லில் பொறிக்கச் செய்தான். பூசல் நடந்ததை மறைக்காமலும், அது தீர்ந்த விதத்தை மறவாமலும் எழுதி வைத்த அப்பண்பு எம்மை மிகவும் ஈர்த்தது.

திருமயத்தை அடுத்துள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் தொழுது, சற்றே இளைப்பாறினோம். பாபா பக்ருத்தீன் அவர்கள் அடங்கியுள்ள இவ்விடத்திற்கு முஸ்லிம்களோடு சுற்றுவட்டார இந்து மக்களும் வந்து செல்கின்றனர். திரும்பும்போது மங்கிய ஒளியில் நார்த்தாமலைக் குன்றுகள் தெரிந்தன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முற்பட்ட விசயாலய சோழீச்சுரம் அங்கே உள்ளது. வட்ட வடிவக் கருவறை கொண்ட அக்கோயிலை அடுத்த பயணத்திற்கென விட்டு வந்தோம்.

காண்பார் இல்லாவிடின்

‘தெரியாத ஊர் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கு இழப்பு?’ எனச் சிலர் வினவலாம். இழப்பு நமக்கே. காண்பார் இல்லாத இடத்தைக் காப்பாரும் குறைவர். சித்தன்னவாசல் ஓவியங்களில் பெரும்பகுதி மங்கிப் போயிற்று. காலம் அழித்தது ஒருபுறம். அருமை அறியாதோர் கை செய்த சேதம் மறுபுறம். இங்கேயன்றி, நம் நாட்டின் பழஞ்சின்னங்கள் பலவற்றிலும் தம் பெயரைக் கீறிச் சென்றோர் உளர். தாம் கீறுவது எதன் மீது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருமுறை சொல்லியிருப்பின் அக்கை தயங்கியிருக்கும்.

ஊரின் புகழ் ஒரே நாளில் வருவதன்று. யாரோ ஒருவர் முதலில் போக வேண்டும். மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325-இல், தம் 21-ஆம் வயதில், ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட இப்னு பதூதா மதுரைப் பகுதிக்கும் வந்தார். மாலத்தீவில் காஜியாகவும் பணியாற்றினார். அத்தீவுகளைப் பற்றி அவர் எழுதி வைத்த செய்திகள் இன்றும் வரலாற்றுக்கு மூலமாக உள்ளன. அங்கே முதல் சுற்றுலா விடுதி தோன்றியதோ 1972-இல்தான். இன்று ‘மாலத்தீவில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பார் இல்லை. நம் கீழடியும் அவ்வாறே. பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்த அகழாய்வுக்கு முன் அது தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூர். 2023 மார்ச்சில் அங்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையிலும் 2021-இல் அகழாய்வு தொடங்கியது. 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்குத் தன் அகழாய்வைத் தொடங்கியது. நாளை அதுவும் கீழடிபோல் பேசப்படலாம். பேசப்படும் முன்னரே சென்று காண்பது மாணவர்க்கு அழகு.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: கோடை வேண்டா; வெயிலில் பாறை காலைச் சுடும். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். குன்றடியில் எல்லா இடத்தும் உணவு கிடைக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. சோற்றுப் பொட்டலமும் குடிநீரும் உடன் இருத்தல் நன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதினும், இரண்டு மூன்று இடங்களை நிதானமாகப் பார்ப்பதே பயன் தரும்.

நிறைவாக

திரும்பி வந்த மறுநாள், ஹாஜியாரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னோம். ஓவியத்தைப் பற்றிக் கேட்டுக் கொண்டார். எழுத்தைப் பற்றியும் கேட்டுக் கொண்டார். திருமயத்து உடன்பாட்டைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து அமர்ந்தார். ஜமாஅத்தில் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்து வைத்தவர் அவர். “கல்லிலே எழுதியே வைத்துவிட்டானா?” என்று இருமுறை கேட்டார். பின், “அடுத்த முறை வண்டியில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள், தம்பி” என்றார்.

‘அங்கே என்ன இருக்கிறது?’ என்பது நல்ல வினாவே. வாயளவில் கேட்டு நின்றுவிட்டால் அது ஏளனம். விடை தேடிப் புறப்பட்டால் அதுவே கல்வி. மாணவச் செல்வங்கள் இவ்வினாவோடு தம் ஊருக்கு அண்மையில் உள்ள, பேர் கேட்டிராத ஓர் ஊரை நோக்கி ஒருநாளேனும் புறப்பட வேண்டும். பெற்றோரும் பெரியோரும் அவர்களை வாழ்த்தி வழியனுப்ப வேண்டும். வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக!