டீச்சருக்கும் தைரியம் வேண்டும்!

குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருக்கிறது அஸ்தினாபுரம். 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த இடம். பெயரைக் கேட்டதும் பாரதக் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? அந்தப் பழைய அஸ்தினாபுரத்தில், கண் தெரியாதவன் என்பதற்காகவே மூத்தவனான திருதராஷ்டிரனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது.

இன்றைய அஸ்தினாபுரத்தில் அப்படிச் செய்ய முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள குழந்தைக்கு, 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசப் படிப்பு உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் இஷ்டம்.

சரி, சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே நிற்கும் டீச்சரின் நிலைமை என்ன? “இப்படிப்பட்ட குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாதே!” என்ற பயம் ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு வருவது சகஜம். அதைக் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் விளைவு மட்டும் விபரீதம். பயந்த டீச்சர் அந்தக் குழந்தையிடம் கேள்வியே கேட்க மாட்டார். குழந்தையும் கடைசி பெஞ்சில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். வருஷம் ஓடிவிடும், எழுத்து மட்டும் வந்திருக்காது.

மைசூர்பாகுப் பதம்

அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ நிபுணர் 1977-ல் இதற்கு விடை சொன்னார். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை, முக்கியமாக, தானே செய்து ஜெயித்த அனுபவத்தில் பிறக்கிறது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தாலும் வளர்கிறது என்றார். நமக்குத் தெரியாததா? புஸ்தகத்தைப் படித்து மட்டும் யாருக்கு மைசூர்பாகுப் பதம் வந்திருக்கிறது? அம்மாவோ மாமியாரோ அடுப்பருகில் நின்று, “ம், இப்போது இறக்கு” என்று சொல்லி, ஒரே ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் போதும். அப்புறம் பயம் ஏது?

டீச்சருக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் சிறப்பாசிரியர். ஆரம்பப் பள்ளிகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட்டின் 2021-ம் வருஷத் தீர்ப்பை ஒட்டி, 2022-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களிலிருந்து இவர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். வந்து குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் போதாது; டீச்சரின் கையைப் பிடித்தும் பழக்க வேண்டும். முட்டுக்காட்டில் 2005-லிருந்து பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகரும் இருக்கின்றன.

துரோணரின் கமண்டலம்

துரோணர் சீடர்களைத் தண்ணீர் மொண்டுவர அனுப்பும்போது, தம் பிள்ளை அசுவத்தாமனுக்கு மட்டும் வாய் அகன்ற பாத்திரம் கொடுப்பாராம். மற்றவர்களுக்குக் குறுகிய வாய்க் கமண்டலம். அது நிரம்ப நேரமாகும், ஆனால் நிரம்பும். சில குழந்தைகள் அந்தக் கமண்டலம் போலத்தான்.

வேண்டியது பெரிய வித்தையல்ல. காது மந்தமான குழந்தையை முன்னால் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் அதன் முகத்தைப் பார்த்துப் பேசலாம். பார்வை மங்கலானால், பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொல்லலாம். எழுதத் திணறினால், வாயால் பதில் சொல்லச் செய்யலாம். இவற்றில் ஒன்று பலித்தாலும் டீச்சருக்கு அடுத்ததைச் செய்யத் துணிவு வந்துவிடும்.

சகோதரிகளே, உங்கள் பங்கும் இதில் உண்டு. குழந்தையின் குறையைச் சங்கோசப்பட்டு மறைக்காதீர்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும், எதைக் கண்டால் மிரளும், என்ன சொன்னால் சமாதானமாகும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு காகிதத்தில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள். நாலு நாள் கழித்து, “நீங்கள் சொல்லிக் கொடுத்ததை வீட்டில் சொன்னான்” என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்கு எத்தனை தெம்பு தரும், தெரியுமா?