ஒற்றைக் கண் கேமராவும் கடோத்கஜனும்

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் 'மாயா பஜார்' பார்த்தோம். 1957இல் வந்த படம். என் அக்கா மகள் பார்த்த முதல் கறுப்பு வெள்ளைப் படமும் அதுதான். "கலரே இல்லையா மாமா?" என்று முகம் சுளித்தாள். ஆனால் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து, கல்யாண விருந்து முழுவதையும் ஒரே ஆளாகத் தின்னத் தொடங்கியதும் என்னோடு வந்து ஒட்டிக்கொண்டாள்.

துவாரகை நகரம் திரையில் விரிந்தபோது, "இவ்ளோ பெரிய ஊரை எங்க கட்டினாங்க?" என்று கேட்டாள். அது ஊரே இல்லை, 50 அடிக்கு 60 அடி இடத்துக்குள் அமைத்த 300 பொம்மை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியாக விளக்கு! கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் செய்த வேலை. சொன்னால் அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் சிப்காட் புகைபோக்கி தெரிந்தது. ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டச் சொன்னேன். அவ்வளவு பெரிய புகைபோக்கி விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது! பிறகு புகைபோக்கியையே பார்த்தபடி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடச் சொன்னேன். விரல் அங்கும் இங்கும் தாவியது. புகைபோக்கி நின்ற இடத்திலேயே நின்றது. அதிகமாகத் தாவுவது பக்கத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்குக்கு இரண்டு கண் வேண்டும். கேமராவுக்கு இருப்பதோ ஒன்றுதான். அதனால் பக்கத்தில் இருக்கும் பொம்மை வீடும் அதற்குத் தூரத்து மாளிகைதான்.

பொம்மையைக் காட்டிக்கொடுக்கிற விஷயம் வேறொன்று உண்டு. அது கீழே விழும் வேகம். 4 அடி உயரத்திலிருந்து விழும் கல் அரை நொடியில் தரையைத் தொடும். 100 அடியிலிருந்து விழுந்தால் இரண்டரை நொடி ஆகும். உயரம் 25 மடங்கு, நேரம் 5 மடங்குதான். பொம்மைக் கட்டடம் 'பொத்'தென்று விழுந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஜப்பானில் 1954இல் 'காட்ஸில்லா' எடுத்தபோது இந்தச் சிக்கல் வந்தது. கதைப்படி அந்த மிருகத்தின் உயரம் 50 மீட்டர். நடித்தவரோ கனமான ரப்பர் உடைக்குள் புகுந்த மனிதர். அவர் மிதித்து நொறுக்கிய டோக்கியோ, நிஜத்தில் 25இல் ஒரு பங்கு. தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா, கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம்பிடித்தார். அதைத் திரையில் நொடிக்கு 24 படம் என்ற சாதாரண வேகத்தில் ஓட்டினால் எல்லாமே மெதுவாகும். இடிந்து விழும் சுவரும் மலைபோல் கனக்கும். இத்தனை எளிய கணக்கில் ஓர் அரக்கன் பிறப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குத் தீப்பெட்டிகளை அடுக்கி, அப்பா அம்மாவின் போனைத் தரையோடு தரையாக வையுங்கள். 'ஸ்லோ மோஷன்' போட்டுவிட்டு, கோபுரத்தைத் தட்டிவிடுங்கள். ஐந்து மடங்கு மெதுவாக ஓடினால், அது 25 அடிக் கட்டடம் விழுவதுபோல விழும்.