பெவிலியன்: கூடாரமா, மண்டபமா?

விடுமுறையில் 'பெவிலியன்' சென்று வந்ததை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரையாக எழுதியிருந்தாள். ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அதனை அடித்து, அகராதியிற் கண்ட 'கூடாரம்' என்னும் சொல்லை மேலே எழுதினேன். "ஐயா, அங்கே கூடாரமே இல்லையே!" என்றாள் அவள். பிழை என்னுடையதே. அவள் குறித்தது, கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பேரங்காடியை. (1893இல் தோன்றிய பெண்கள் பள்ளியொன்று 2000 வரை நடந்த இடம் அது. ஆசிரியனாகிய எனக்கு இது மறப்பதில்லை.)

சிறப்புப்பெயரை மொழிபெயர்த்தல் தகாது, அது நிற்க. பொதுப்பெயராக வரும்போதும் இச்சொல் ஒரு பொருளில் நிற்பதில்லை. இலத்தீனில் 'பாப்பிலியோ' என்பது வண்ணத்துப்பூச்சி. சிறகு விரித்த தோற்றத்தால் துணிக் கூடாரமும் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தபின், பூங்காவிலுள்ள அலங்காரக் கட்டடம், உலகக் கண்காட்சியில் ஒரு நாட்டுக்குரிய கூடம், கிரிக்கெட் ஆட்டக்காரர் தங்கும் கட்டடம் ஆகியனவும் பெவிலியன் ஆயின. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஓர் அரண்மனைக்கே அப்பெயர். பட்டை தீட்டிய வைரத்தின் கீழ்ப்பகுதியும் பெவிலியனே. பிரெஞ்சு மொழியிலோ கப்பற்கொடியும் புறச்செவியும் இச்சொல்லாற் சுட்டப்பெறும்!

இத்தனைக்கும் 'கூடாரம்' ஒன்றையே வைத்தால் என்னாகும்? ஆட்டமிழந்தவர் கூடாரம் திரும்பினார் என்று எழுதினால், கிரிக்கெட் திடல் போர்க்களமாகிவிடும். தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சோழனுக்கு வச்சிர நாட்டரசன் தந்தது பந்தர் என்றும், மகத வேந்தன் தந்தது பட்டிமண்டபம் என்றும் இளங்கோவடிகள் வேறுபடுத்திக் கூறுகின்றார். துணியால் மூடி உள்ளே தங்குவதற்கு அமைப்பது கூடாரம். கால் நட்டு மேலே பரப்புவது பந்தல். தூண்கள் தாங்க நிலையாகக் கட்டுவது மண்டபம். மண்டபம் வடசொல்லே எனினும் நம்முடையதாகிவிட்டது. அதுவே சாவகத்தில் 'பெண்டோப்போ' என்னும் திறந்த கூடமாயிற்று. ஆகவே, பூங்காவிலிருப்பதை மண்டபம் எனலாம். கண்காட்சியிலும் ஆடுதிடலிலும் இருப்பதைக் கூடம் என்றாலே போதும்.

கிள்ளானில் திருமண வீட்டின் முன்னே இரும்புக் குழாய் நட்டுத் துணி விரிப்பதை இன்று 'கெனோப்பி' என்கின்றோம். அச்சொல்லின் கிரேக்க மூலத்திற்குக் கொசுவலை என்பது பொருள். பந்தல் என்னும் சொல் நம்மிடம் இருக்க, மணமக்களைக் கொசுவலைக்குள் ஏன் அமர்த்த வேண்டும்?

மறுநாள் அம்மாணவியின் ஏட்டை வாங்கி, யான் எழுதியதை அடித்துவிட்டு, 'பெவிலியன்' என்றே திருத்திக் கொடுத்தேன்.