வெடியுப்பும் வாணவேடிக்கையும்

வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சீனத்தில் தொடங்கி அரசவைகளோடு நின்றுவிடுகின்றனர். 1443-இல் விஜயநகருக்கு வந்த ஹீராத் நாட்டுத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணங்களைக் குறித்துள்ளார். ஆனால் வாணத்துக்கு உயிரான வெடியுப்பு எவர் உழைப்பால் கிடைத்தது என்பதே பொருளியல் மாணவர் கேட்கவேண்டிய வினா. பீகாரில் நோனியர் எனப்படும் தொழிலாளர், மண்சுவர்களின் அடியிலும் மாட்டுத்தொழுவங்களிலும் பூத்த உப்புமண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சிப் படிகமாக்கினர். 1758-இல் பாட்னா வெடியுப்பின் ஏகபோகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. விழாவுக்காக அன்று, போருக்காக.

சிவகாசி இக்கதையில் பிந்தியே நுழைகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் கிளையாகவே அங்கு பட்டாசு வேரூன்றியது. உழவரை வாட்டிய வறட்சி, மருந்து உலர்த்துவோருக்கு வாய்ப்பாயிற்று. கூலியோ பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. கை விரைந்தால் வருமானம் கூடும், உராய்வும் கூடும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது காற்றின் தூய்மை கருதியே. மருந்து அடைக்கும் அறையின் கூலிமுறை அவ்வாணையின் பொருளாக இருக்கவில்லை.