உங்களுக்குத் தெரியுமா? கடவுச்சீட்டு பிரான்சுடையது, பிறப்பு வில்லியனூர்

நிரந்தரமாகக் குடியேறும் உரிமையாகிய கிரீன் கார்டை ஆண்டுதோறும் 55,000 பேர் வரை குலுக்கல் வழியே பெற இடமளிக்கும் அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், முந்தைய 5 ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட குடியேறிகளை அனுப்பிய நாடுகளை விலக்கிவைப்பதால், இந்தியாவில் பிறந்தோர் பொதுவாக அதில் பங்கேற்க இயலாது. சட்டம் நோக்குவது குடியுரிமையையன்று, பிறந்த இடத்தையே. ஆகவே, 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பத்தில் தோன்றி, வில்லியனூரிலோ பாகூரிலோ பிறந்த ஒருவர், கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தும், குலுக்கலில் இந்தியக் கணக்கிலேயே சேர்வார். பிரான்சில் பிறந்தவரை மணந்திருந்தால் துணைவரின் பிறப்பிடத்தைச் சார்ந்து விண்ணப்பிக்கலாம் என்பது சற்று விந்தையான விலக்கு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு இத்தகைய பிறப்பிடத் தடை இல்லை. எனினும் அது குடியேற்ற விசா அன்று என்பதால், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தைத் தூதரக அதிகாரி ஏற்கும்படி நிறுவ வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும்.