உஷார்! உங்கள் கணக்கு தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கிறதா?

போடி, கம்பம், சின்னமனூர் பக்கம் மண்டியும் குடோனும் வைத்து, கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பவர்களே! இதைப் படித்துவிட்டு அடுத்த பில்லைப் போடுங்கள்.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. பேர் வேண்டாம், பாவம். வண்டன்மேடு குடோனிலிருந்தும் ஸ்டாக் தெரிய வேண்டும் என்றார். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பையன், டேட்டாபேஸ் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றினான். பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 (அந்த மெஷினுக்குள் மட்டும்) என்றிருந்தது 0.0.0.0 (எங்கிருந்தும் வரலாம்) ஆனது. ரவுட்டரில் 3306 போர்ட்டையும் திறந்துவிட்டான். மலைமேல் ஸ்டாக் தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

வண்டன்மேட்டுக்குத் திறந்த கதவு ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டது!

ஒருநாள் காலை பில் வரவில்லை. யார் எவ்வளவு பாக்கி, எந்த லாட் என்ன விலைக்குப் போனது, எல்லாம் காலி. மிச்சம் ஒரே ஒரு குறிப்பு: பிட்காயின் அனுப்பு! பேக்கப்பும் அதே மெஷினில்தான். அதுவும் போச்சு.

'நம்ம சின்னக் கடையை எவன் தேடி வரப்போறான்?' என்று நினைக்காதீர்கள். ஆள் தேடுவதில்லை. திறந்த போர்ட்டைத் தேடும் புரோகிராம்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இல்லாமல் கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் உலகம் முழுக்கப் பல்லாயிரம் துடைக்கப்பட்டன. பணம் கட்டியும் பலருக்குத் தரவு திரும்பவில்லை. நகல் எடுக்காமலே அழித்திருந்தார்கள்!

இதெல்லாம் இருந்தால் ஆபத்து:

• மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பைண்ட் அட்ரஸ் 0.0.0.0. அந்த வரியே இல்லாவிட்டாலும் பல இடங்களில் திறந்துதான் இருக்கும்!
• போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் லிசன் அட்ரஸஸ் வரியில் நட்சத்திரக் குறி. அனுமதி ஃபைலில் 0.0.0.0/0 பக்கத்தில் 'ட்ரஸ்ட்' என்றிருந்தால், பாஸ்வேர்டே கேட்காது!
• ரவுட்டரில் 3306, 5432, 27017 போர்ட்டுகள் வெளியே திறந்திருப்பது.
• கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு.
• பில் போடுவதற்கும் எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' யூசர்.

வேலை செய்கிறது என்பதால் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை!

ஒரே மெஷினில் வேலை என்றால் 127.0.0.1 போதும். வெளியூர் குடோனுக்கு விபிஎன் கேளுங்கள். ஃபைலை மாற்றியதும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய கதவு திறந்தேதான் இருக்கும். பேக்கப்பைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் பூட்டுங்கள்.

மாட்டிக்கொண்டால் பணம் கட்டாதீர்கள், ஃபார்மேட் அடிக்காதீர்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சாஃப்ட்வேர் தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். 'நம்ம டேட்டாபேஸ் வெளியே தெரியுதா?' என்று கேளுங்கள். 'தெரியலண்ணே' என்று வாயால் சொன்னால் விடாதீர்கள். ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்!