பெட்ரோல் டேப்பும் கார்புரேட்டரும்

பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளின் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் சிறிய டேப் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் திறப்பு, மூடல், ரிசர்வ் என மூன்று நிலைகள் உண்டு. வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் புல்லட் ஒன்று நடுவழியில் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் குனிந்து டேப்பை ரிசர்வுக்குத் திருப்புகிறார். வண்டி மீண்டும் ஓடுகிறது. அப்படியானால் டாங்கிக்குள் இன்னொரு குட்டி டாங்கி ஒளிந்திருக்கிறதா?

இல்லை. இருப்பது ஒரே டாங்கிதான். டேப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டாங்கிக்குள் செங்குத்தாக நிற்கிறது. திறப்பு நிலையில் அந்தக் குழாயின் மேல்வாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்க முடியும். மட்டம் அதற்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். ரிசர்வில் வைத்தால் அடியில் உள்ள துளை திறக்கிறது. கல்யாண வீட்டுத் தண்ணீர் அண்டாவில் குழாய்க்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிறதல்லவா? ரிசர்வும் அப்படித் தங்கியதுதான். பெட்ரோல் போட்ட பிறகு டேப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவருக்கு அடுத்த முறை எச்சரிக்கையே கிடைக்காது; வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

டாங்கி மூடியில் ஒரு நுண்துளை இருக்கிறது. அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து காற்று நுழைய வழி இல்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வருகிறதா? சில கிலோமீட்டர் ஓடி நின்ற வண்டி, மூடியைத் திறந்து மூடியதும் கிளம்பினால், கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை. இதை அறியாமல் எத்தனையோ கார்புரேட்டர்கள் வீணாகப் பிரிக்கப்படுகின்றன!

டேப்பைக் கடந்த பெட்ரோல் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு வருகிறது. அங்கே ஒரு மிதவை. பெட்ரோல் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, ஒரு சிறு ஊசியால் வழியை அடைக்கிறது. மட்டம் தாழ்ந்தால் வழி திறக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலைதான். ஊசிமுனையில் ஒரு தூசி சிக்கினாலும் போதும், பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். இரவில் டேப்பை மூடி வைக்கச் சொல்வது இதனால்தான். மூடிய அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு விளக்குத் திரி போதும்.

கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே ஏறுவது எப்படி? எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று, கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகச் செல்கிறது. இடம் குறுகினால் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. 1738-இல் பெர்னூலி வெளியிட்ட தத்துவம் இது. கிண்ணத்தில் இருப்பதோ முழு வளிமண்டல அழுத்தம். அதுதான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. 'எஞ்சின் உறிஞ்சுகிறது' என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் தள்ளுவது நம்மைச் சுற்றியுள்ள காற்று.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று! பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் வரும். குறைந்தால் எஞ்சின் சூடேறும். ராஜ்தூத் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் மசகெண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடக்கூடும்.

இப்போது திருகுகளுக்கு வருவோம். புல்லட் கார்புரேட்டரில் வெளியே தெரிபவை இரண்டு. ஒன்று, எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை வைப்பது. மற்றொன்று ஏர் ஸ்குரூ. இதை உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறிவாகும். வெளியே திருகினால் மெலியும். மெதுவாக முழுதும் உள்ளே திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது வழக்கமான தொடக்கம். சூடான எஞ்சினில், எங்கே வைத்தால் ஓட்டம் வேகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, கூடிய வேகத்தை முதல் திருகால் குறைப்பார்கள். இதைத் திறந்த வெளியில், பெரியவர்களோடுதான் செய்ய வேண்டும்.

மைலேஜ் வேண்டும் என்று ஏர் ஸ்குரூவையே திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பயனில்லை. அதன் ஆட்சி ஆக்சிலேட்டரை ஏறக்குறையக் கால்பங்கு திறக்கும் வரைதான். நடுத்தர வேகத்தில் அளவைத் தீர்மானிப்பது, மேலும் கீழும் நகரும் கூம்பு ஊசி. முழுத் திறப்பில் மெயின் ஜெட். ஊசியின் தலையில் உள்ள வெட்டுகளில் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து கலவை செறிவாகும். சரியாக இருக்கிறதா என்று ஸ்பார்க் பிளக்கின் நிறம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் குறைவு, தேநீர்ப் பழுப்பு என்றால் நலம்.

1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் பல பத்தாண்டுகள் கார்புரேட்டரோடுதான் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு அந்த இடத்தைப் பிடித்தது. பழைய வண்டிகள் மட்டும் இன்னும் திருகுகளை நம்பி ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரு புதுச் சிக்கலும் வந்திருக்கிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் உண்டு. ஒரு கிராம் எரிய 9 கிராம் காற்று போதும். ஆனால் பழைய ஜெட்டுக்கு அது தெரியுமா? பழைய அளவிலேயே தருகிறது. கலவை சற்று மெலிகிறது. பிளக் வெளுக்கத் தொடங்கினால் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டிப் பார்க்கிறார்கள்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் வெகுநாள் நின்ற வண்டியை உதைக்கும் முன், மெக்கானிக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடிப்பதை, நெருப்பு ஏதும் அருகில் இல்லாத இடத்தில் நின்று கவனியுங்கள். நீர் பிரிந்திருந்தால், அது பெட்ரோலுக்கு அடியில் தனி அடுக்காகத் தெரியும்.